மங்குக்குப் புளித்த அரிசித் தண்ணீர் போடலாமா? ஒரு வாசகியின் கடிதத்துக்குத் தோல் மருத்துவரின் பதில்

கடிதம் நீளமானது. அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். எழுதியவருக்கு வயது 33, கொங்குப் பக்கம் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறார், தினமும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போய் வருகிறார். இரண்டாவது குழந்தை பிறந்ததிலிருந்து இரண்டு கன்னத்திலும் மேலுதட்டின் மேலும் மங்கு. குழந்தைக்கு இப்போது ஒன்பது மாதம், இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறார். வீடியோக்கள் பார்த்துவிட்டு அரிசி கழுவிய தண்ணீரை மூன்று நான்கு நாள் வெளியிலேயே புளிக்க வைத்து, பன்னீரும் வைட்டமின் ஈ மாத்திரையின் எண்ணெயும் கலந்து காலையும் இரவும் பூசி வந்திருக்கிறார். கூடவே கேலக்டோமைசஸ் (ஒருவகை ஈஸ்ட்) என்று போட்ட ஒரு கொரிய எசன்ஸையும் ஆன்லைனில் வாங்கிச் சேர்த்துக்கொண்டார். முகம் முதலில் மினுமினுப்பாக இருந்தது, பிறகு நெற்றி முழுக்க ஒரே மாதிரி சின்னச் சின்னப் பருக்கள், அரிப்பு. தோழி ஒருவர் மருந்துக்கடையிலிருந்து ஒரு ட்யூப் வாங்கிக் கொடுத்திருக்கிறார், மூன்று வாரமாக அதைப் போடுகிறார். போட்டால் அரிப்பு அடங்குகிறது, நிறுத்தினால் திரும்பி வருகிறது.

அவருடைய கேள்விகள் மூன்று. புளித்த சாறுகளைத் தொடரலாமா? இந்தப் பருக்கள், தோலில் இருக்கும் அழுக்கு வெளியேறுவதால் வருபவையா, பொறுத்துக்கொண்டால் சரியாகிவிடுமா? அப்புறம், அலுவலகத்தில் பலர் கேட்பதால் தன் அரிசித் தண்ணீர் டோனரைப் பாட்டிலில் அடைத்து இன்ஸ்டாகிராமில் விற்கலாமா? இரண்டு மூன்று பேர் ஏற்கனவே வாங்கிப் போயிருக்கிறார்கள், விளம்பர வாசகமும் எழுதி வைத்திருக்கிறார்.

சகோதரி, நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் நீங்கள் கேட்காத ஒரு விஷயம்தான் எல்லாவற்றையும் விட அவசரம். அந்த ட்யூப். அதன் பின்புறம் எழுதியிருப்பதை அப்படியே நகலெடுத்து அனுப்பியிருந்தீர்கள், நல்ல வேலை செய்தீர்கள். முதல் பெயரே குளோபெட்டசால். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகையைச் சேர்ந்தது அது. உள்ளங்கை, உள்ளங்கால் மாதிரித் தடித்த தோலுக்குக் கொஞ்ச நாளைக்கு எழுதிக் கொடுப்போம், முகத்துக்குக் கொடுப்பதில்லை. கூடவே ஒரு ஆன்டிபயாட்டிக்கும் ஒரு பூஞ்சை மருந்தும் சேர்த்திருப்பதால் எல்லாத் தோல் நோய்க்கும் இதுவே போதும் என்று கடைகளில் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். முகத்தில் தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், இரத்தக்குழாய்கள் வெளியே தெரியும், மெல்லிய ரோமம் வளரும், அதுவே பருவையும் கிளப்பும். அரிப்பு அடங்குவது குணமாவதற்கான அடையாளம் இல்லை, தோலின் எதிர்ப்பை அது அமுக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அடியில் பூஞ்சை இருந்தால் அது சாவகாசமாக வளரும். நீங்கள் முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சும் குழந்தையின் தோலிலும் இது ஒட்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மூன்று வாரம்தான் என்பதால் பெரும்பாலும் நேராகவே நிறுத்திவிடலாம். நிறுத்திய சில நாளில் முகம் சிவந்து எரியலாம், பயந்துபோய் மறுபடியும் அதையே எடுக்காதீர்கள், அங்கேதான் பலர் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது ட்யூபையும் கொரிய பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

நெற்றியில் வந்திருப்பது என்ன?

அழுக்கு வெளியேறுகிறது என்பது தவறான எண்ணம். பருவுக்குக் கொடுக்கும் ரெட்டினாய்டு, சாலிசிலிக் அமிலம் போன்ற மருந்துகள் தோலின் மேலடுக்கு உதிர்வதை வேகப்படுத்தும், அதனால் ஏற்கனவே உள்ளே உருவாகிக்கொண்டிருந்த பருக்கள் கொஞ்சம் முன்கூட்டியே மேலே வரும், சில வாரத்தில் அடங்கும். அதுவும் வழக்கமாகப் பரு வரும் இடத்தில்தான் வரும். புளித்த சாறுகளுக்கு அந்த வேலை கிடையாது. உங்களுக்கு முன்பு நெற்றியில் பரு வந்ததே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆக இது புதிதாக வந்த பிரச்சினை.

ஒரே அளவில், கூட்டமாக, அரிப்போடு, நெற்றியில் வரும் சின்னப் பருக்கள் என்றால் எங்களுக்கு முதலில் தோன்றுவது மலசீசியா என்ற ஈஸ்ட் மயிர்க்கால்களில் பெருகி வரும் அழற்சி. பொடுகோடு தொடர்புடைய அதே ஈஸ்ட்தான், எல்லோருடைய தோலிலும் வாழ்கிறது. ஸ்டீராய்டால் வரும் பருக்களும், வெறும் ஒவ்வாமையும் பார்க்க இதே மாதிரி இருக்கும், அதனால் கடிதத்தை மட்டும் வைத்து முடிவாகச் சொல்ல முடியாது. ஒரு பருவிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் நிமிடங்களில் தெரிந்துவிடும்.

இங்கே இன்னொரு தவறான எண்ணத்தையும் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. “ஈஸ்ட் எசன்ஸைப் பூசியதால் முகத்தில் ஈஸ்ட் வளர்ந்துவிட்டதோ” என்று கேட்டிருந்தீர்கள். கேலக்டோமைசஸ் வேறு, மலசீசியா வேறு. அந்த பாட்டிலில் இருப்பது வடிகட்டிய திரவம், உயிருள்ள நுண்ணுயிர் எதுவும் அதில் இல்லை. எனக்குச் சந்தேகம் நீங்கள் கலந்த எண்ணெய் மேல்தான். மலசீசியாவால் தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைத் தானே தயாரித்துக்கொள்ள முடியாது, வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். வைட்டமின் ஈ மாத்திரைக்குள் இருப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு தாவர எண்ணெயில் கரைத்த வைட்டமின். அதை இரண்டு வேளையும் நெற்றியில் தேய்த்து, மேலே ஹெல்மெட் போட்டு, வியர்வையோடு அரைமணி நேரம் வண்டி ஓட்டினால் அந்த ஈஸ்ட்டுக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடுகிறது. தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் நெற்றியில் வழிவதும் இதே வேலையைச் செய்யும். எண்ணெயை நிறுத்துங்கள், ஹெல்மெட்டின் உள்துணியைத் துவைத்துக் காய வையுங்கள்.

புளிக்க வைப்பதால் என்ன கிடைக்கிறது?

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் இது வெறும் ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது, விற்பவர்கள் சொல்லும் அளவுக்கும் இல்லை.

நுண்ணுயிர்கள் ஒரு தாவரப் பொருளைத் தின்னும்போது அதில் இருக்கும் பெரிய மூலக்கூறுகளைத் தங்கள் நொதிகளால் வெட்டுகின்றன. சோயாவில் இருக்கும் ஐசோஃபிளேவோன்கள் என்ற தாவரப் பொருட்களோடு ஒரு சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கும், புளிக்கும்போது அது கழன்று ஜெனிஸ்டீனும் டெய்ட்சீனும் தனியாக வெளிவரும். ஜின்செங் என்ற மூலிகை வேரில் இருக்கும் ஜின்செனோசைடுகளும் அப்படித்தான், சர்க்கரைகள் ஒவ்வொன்றாகக் கழன்று காம்பவுண்ட் கே என்ற சிறிய பொருளாகும். இது ஏன் முக்கியம் என்றால், நம் தோலின் மேலடுக்கு பெரிய மூலக்கூறுகளை உள்ளே விடாது, சுமார் 500 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேல் போனால் நுழைவது கடினம் என்பது 2000-லிருந்து தோல் மருத்துவத்தில் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. ஆக, சிறிதாக வெட்டுவதில் நியாயம் இருக்கிறது. தவிர, புளிக்கும்போது லாக்டிக் அமிலமும் அமினோ அமிலங்களும் உண்டாகின்றன. தோல் தன் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தானே வைத்திருக்கும் பொருட்களில் இந்த இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு. உங்களுக்கு முதலில் வந்த மினுமினுப்பு பொய்யில்லை, தோல் ஈரமாக இருந்தால் வெளிச்சத்தைச் சீராகத் திருப்பி அனுப்பும். ஆனால் மங்கு ஈரம் குறைந்ததால் வருவதில்லையே. நிறமி செல்கள் வெயிலாலும் ஹார்மோன்களாலும் தூண்டப்பட்டு அதிகமாக வேலை செய்வதால் வருவது அது.

ஜப்பானில் சாக்கே என்ற அரிசி மது வடிக்கும் தொழிலாளர்களின் கைகள் வயதானாலும் மிருதுவாக இருந்ததைப் பார்த்துத்தான் தேட ஆரம்பித்தோம் என்பது எஸ்கே-2 என்ற அழகுசாதன பிராண்டு சொல்லும் கதை, 1980-லிருந்து அந்த கேலக்டோமைசஸ் வடிநீரை விற்கிறார்கள். ஆய்வகத்தில் வளர்த்த தோல் செல்களில் அது தோலின் தடுப்புச் சுவருக்குத் தேவையான ஃபிலாக்ரின் என்ற புரதத்தைக் கூட்டுவதாக ஆய்வுகள் உண்டு. நம்பத்தகாதது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இத்துறையில் பல ஆய்வுகள் அந்தப் பொருளை விற்கும் நிறுவனங்களோடு சேர்ந்து நடந்தவை, மனிதர்களிடம் செய்தவை சிறிய எண்ணிக்கையில் நடந்தவை. மங்கு மறையும் என்று சொல்ல இது போதாது. உங்கள் பாட்டிலில் “90 சதவீதத்துக்கு மேல் வடிநீர்” என்று போட்டிருப்பதைப் பெரிதாக எழுதியிருந்தீர்கள். வடிநீர் என்பதே பெரும்பகுதி தண்ணீர்தான், அதில் கரைந்திருக்கும் பொருள் எவ்வளவு என்பது அந்த எண்ணில் தெரியாது.

புளித்தலிலிருந்து வந்து நிறமியின் மேல் உண்மையாக வேலை செய்யும் பொருள் ஒன்றை நானே எழுதிக் கொடுக்கிறேன், கோஜிக் அமிலம். ஜப்பானில் அரிசியில் கோஜி பூஞ்சையை வளர்த்து சாக்கேயும், மிசோ என்ற சோயா விழுதும் செய்கிறார்கள் அல்லவா, அந்தப் பூஞ்சையிலிருந்து 1907-ல் கண்டுபிடித்தது. மெலனின் என்ற தோல் நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதி வேலை செய்யத் தாமிரம் வேண்டும், அந்தத் தாமிரத்தை இது பிடித்துக்கொள்கிறது. ஆனால் அதைப் பிரித்தெடுத்து, சுத்தம் செய்து, அளவு தெரிந்து போட்டால்தான் பயன். அளவு கூடினால் எரிச்சலும் ஒவ்வாமையும் வரும். ஐரோப்பிய ஒன்றியம் முகத்துக்கும் கைக்கும் போடும் பொருட்களில் 1 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு அரிசியில் பூஞ்சை வந்தால் நல்லதுதானே என்று நினைத்துவிடாதீர்கள். கோஜி பூஞ்சையும், அஃப்ளாடாக்சின் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும் இன்னொரு பூஞ்சையும் மிக நெருங்கிய உறவு, மஞ்சளும் பச்சையுமாக அரிசியில் வளர்ந்தால் வெறும் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. ஜப்பானில் சுத்தமான பூஞ்சை வித்துக்களை வாங்கித்தான் போடுகிறார்கள், காற்றில் வந்து விழுந்ததை வைத்துச் செய்வதில்லை.

“புளிப்பு இருந்தால் கெட்ட கிருமி வராது” என்று எழுதியிருந்தீர்கள். பாதி சரி. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் நன்றாக வளர்ந்து பி.எச் அளவு (குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5-க்குக் கீழே இறங்கினால் பல கிருமிகள் பெருக முடியாது, இட்லி மாவு நமக்கு நஞ்சாகாமல் இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த நிலை வரும் வரை யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், ஈஸ்ட்டும் பூஞ்சையும் புளிப்பைப் பொறுத்துக்கொள்ளும், அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசிலஸ் சீரியஸ் பாக்டீரியாவின் வித்துக்கள் கொதிக்க வைத்தாலும் சாவதில்லை. அதிலும் நீங்கள் பிறகு பன்னீர் ஊற்றுகிறீர்கள். அந்தப் புளிப்பு நீர்த்துப்போகிறது, இருந்த கொஞ்சப் பாதுகாப்பும் போகிறது. ஃப்ரிட்ஜ் வளர்ச்சியை மெதுவாக்கும், கொல்லாது. ஸ்டீராய்டு போட்டு மெலிந்த, அரித்துச் சொறிந்த தோலில் இதைப் பூசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் பூசவே பூசாதீர்கள்.

அரிஷ்டம், ஆசவம் எல்லாம் புளிக்க வைத்த மூலிகைதானே, நம் முன்னோர் செய்யாததா என்றும் கேட்டிருந்தீர்கள். உண்மை, அழகான தொழில்நுட்பம் அது. காட்டாத்திப் பூவும் வெல்லமும் அளவாகப் போட்டு, மூடிய பாத்திரத்தில் நாள்கணக்கில் வைத்து, தானாக உண்டாகும் ஆல்கஹாலே அதைக் கெடாமல் காக்கும்படி செய்திருக்கிறார்கள். ஆனால் அவை உள்ளுக்குச் சாப்பிடுபவை, செய்முறையும் அளவும் வகுத்தவை. முகத்துக்கு நாள்பட வைத்த அரிசித் தண்ணீர் அந்த வகையில் சேராது. வடித்த கஞ்சியில் சீயக்காய் கலந்து தலைக்குத் தேய்த்துக் குளித்தார்கள், அன்றன்றைக்கு எடுத்து, தேய்த்து, கழுவிவிட்டார்கள். உங்களுக்கு அரிசித் தண்ணீர் பிடிக்கும் என்றால், முகம் ஆறிய பிறகு, அன்று கழுவிய தண்ணீரில் முகம் அலம்பிவிட்டு நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கொரிய எசன்ஸைத் தற்போதைக்கு ஓரமாக வையுங்கள். பிறகு வேண்டுமானால் முழங்கை மடிப்பில் ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம், ஈரத்துக்காக, மங்குக்காக இல்லை. பாட்டிலில் இந்திய இறக்குமதியாளரின் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அது போலியாகக்கூட இருக்கலாம்.

தாவரத்திலிருந்து வந்தது என்றால் பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு ஜப்பானே ஒரு பாடம் கண்டது. ரோடோடெண்ட்ரால் என்பது தாவரத்தில் இயற்கையாக இருக்கும் பொருள், நிறம் தெளிவாக்க என்று கனெபோ நிறுவனம் தன் கிரீம்களில் சேர்த்தது, அரசு அனுமதியோடுதான். பலருக்கு முகத்திலும் கழுத்திலும் கையிலும் வெள்ளைத் திட்டுகள் வந்து, 2013 ஜூலையில் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றார்கள். பாதிக்கப்பட்டவர்கள் பல்லாயிரம் பேர், எல்லோருக்கும் நிறம் முழுதாகத் திரும்பவில்லை.

மங்குக்கு இப்போது என்ன செய்யலாம்?

முதல் இரண்டு மூன்று வாரம் ஒன்றும் செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில், கோபிக்காதீர்கள். மென்மையான ஃபேஸ் வாஷ், எண்ணெய் இல்லாத ஒரு மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், இந்த மூன்று போதும். நெற்றிக்கு மருத்துவர் பார்த்துப் பூஞ்சை மருந்து கொடுப்பார்.

சன்ஸ்கிரீனை எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாமல் வாங்குங்கள், நிறம் கலந்ததாக, அதாவது அயர்ன் ஆக்ஸைடு சேர்த்ததாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் மங்கைப் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கருப்பாக்குகிறது, அதைச் சாதாரண சன்ஸ்கிரீன் தடுப்பதில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. மத்தியானம் ஒரு தடவை மறுபடியும் போட வேண்டும். ஸ்கூட்டியில் போகும்போது துப்பட்டாவால் முகத்தை மூடுவது பழைய வழி, இன்றும் நல்ல வழி.

தோல் ஆறிய பிறகு அசெலாயிக் அமிலத்திலிருந்து தொடங்கலாம், தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் பொதுவாக நாங்கள் தயங்காமல் கொடுப்பது அது. நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன் தோல் வழியாகக் கணிசமாக உடலுக்குள் போகும் என்பதால் இப்போது வேண்டாம். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த கிரீம் ஒன்று கடையில் கேட்டாலே கிடைக்கும், தோழி அதையும் சொல்லலாம், மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. சாப்பிட்டால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், சில மாத்திரைகள் மங்கைக் கூட்டும். வித்தியாசம் தெரியவே இரண்டு மூன்று மாதம் ஆகும், குறைந்த பிறகும் ஒரு கோடையில் கவனக்குறைவாக இருந்தால் திரும்பும். மாமியார் “பிள்ளை பெற்றால் வரும், தானாகப் போய்விடும்” என்கிறார் என்று எழுதினீர்கள். சிலருக்குப் போய்விடும், ஒன்பது மாதமாகியும் இருந்தால் காத்திருப்பதை விடச் சிகிச்சை எடுப்பது நல்லது.

டோனரை விற்பது பற்றி

வருமானத்துக்கு ஒரு வழி தேடுகிறீர்கள், அதில் தவறே இல்லை. ஆனால் இப்போது இருக்கிற நிலையில் விற்காதீர்கள். இலவசமாகவும் கொடுக்காதீர்கள்.

நம் நாட்டில் விற்பனைக்கு அழகுசாதனப் பொருள் தயாரிக்க, 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழும் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின் கீழும் மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும், சி.ஓ.எஸ்-8 என்ற படிவத்தில் அதைத் தருவார்கள். வீட்டில் கொஞ்சமாகச் செய்கிறேன், இன்ஸ்டாகிராமில் மட்டும்தான் என்பதெல்லாம் விலக்கு ஆகாது. லேபிளில் தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், உரிம எண், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, சேர்மானங்கள் எல்லாம் இருக்க வேண்டும். “மங்கு மறையும்” என்று எழுதினால் நோய் தீர்க்கும் மருந்து என்று உரிமை கொண்டாடுவதாகிவிடும், அது வேறு சிக்கல். உங்கள் விளம்பர வாசகத்தில் “கெமிக்கல் இல்லை, பிரிசர்வேட்டிவ் இல்லை” என்று இருப்பதையும் பார்த்தேன். தண்ணீர் இருக்கும் ஒரு பொருள் பிரிசர்வேட்டிவ் இல்லாமல் வாடிக்கையாளரின் குளியலறையில் ஒரு மாதம் இருந்தால் அதில் சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் வளரும். அதை நீங்கள் அறியவே வாய்ப்பில்லை, மணத்திலும் தெரியாது. பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு தொகுதியிலும் நுண்ணுயிர் எண்ணிக்கை பார்ப்பது அதற்காகத்தான்.

உண்மையாகவே இறங்க விருப்பம் இருந்தால் வழி இருக்கிறது. ஏற்கனவே உரிமம் உள்ள தயாரிப்புக்கூடத்தோடு ஒப்பந்தம் போட்டு, அவர்கள் இடத்தில் தயாரித்து, உங்கள் பெயரில் விற்கலாம், விதிகளிலேயே அதற்குத் தனி உரிம முறை உண்டு. தரப்படுத்திய அரிசி வடிநீரைச் சேர்மானமாக வாங்க முடியும், பிரிசர்வேட்டிவ் சேர்ப்பதையும் பரிசோதனையையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், படிவங்களையும் கட்டணத்தையும் சொல்வார்கள். அதற்கு முன்பு, ஏற்கனவே உங்களிடம் வாங்கிப் போன இரண்டு மூன்று பேருக்கும் இன்றே போன் செய்து நிறுத்தச் சொல்லுங்கள். யாருக்காவது கண் சிவந்து வலித்தாலோ, முகத்தில் சீழ்க் கொப்புளமோ காய்ச்சலோ வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள், அந்த பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு.